மீட்டரம்மாவும் எட்டாவது பேட்டரியும்

குடிக்கக் கொடுத்த தண்ணீரை அவர் உடனே குடிப்பதில்லை. கோட்டுப் பையிலிருந்து பேனா அளவில் ஒரு மீட்டரை எடுத்து, மூடியைக் கழற்றி, டம்ளருக்குள் விடுகிறார். சின்னத் திரையில் எண்கள் ஓடி ஓர் இடத்தில் நிற்கும்வரை கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "முன்னூத்திப் பத்து. உப்பு ஜாஸ்தி. பரவால்ல, குடிச்சா சாக மாட்டோம்" என்று சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்து டம்ளரைத் திருப்பித் தருகிறார். கொடுத்தவருக்கு முகம் சுருங்கிப்போகும். இவருக்கு அது தெரிவதில்லை. தெரிந்தாலும் கவலைப்படுகிற ஆள் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இவருக்கு 'மீட்டரம்மா' என்று பெயர். வைத்தவன் நான்தான் என்று ஒரு வதந்தி உண்டு; அதை நான் மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. மின்கம்பி போகாத ஊர்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுக்கும் பிரிவு எங்களுடையது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், குடிநீர் மோட்டார் என்று நாற்பத்து மூன்று இடங்களில் கூரைமேல் பேனல் வைத்திருக்கிறோம். பேனல்கள் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். வம்பெல்லாம் கீழே அறைக்குள் இருக்கும் பேட்டரிகளில்தான். அந்தப் பேட்டரிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் மீட்டரம்மா. நான் அதே பிரிவில் எழுத்தர். அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து, கோப்பில் கோத்து, பொறியாளர் மேஜைக்கு அனுப்புவது என் வேலை.

வயது நாற்பத்தெட்டு. குள்ளம். நடை மட்டும் இரண்டு ஆள் நடை. வெயிலோ மழையோ, மேலே ஒரு சாம்பல் நிறக் கோட்டு. அதில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஓட்டைகள், எல்லாம் பேட்டரி ஆசிட் தெறித்தவை. ஒவ்வோர் ஓட்டைக்கும் ஊர் சொல்வார். "இது பாறைமேட்டுப் பள்ளிக்கூடம். இந்த மூணும் மோட்டார் ஷெட். இது எங்க வீட்டுல, என் வீட்டுக்காரர் தடுக்கி விட்டாரு. தெரியாமத் தடுக்கினேன்னு சொல்றாரு. பாப்போம்." அந்த மனிதர் ஒரு கணக்கு வாத்தியார். ஒரு நாள் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார், இன்னும் நான் விசாரணைக் கைதிதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஊருக்குள் இவர் நுழைந்தால் போதும், செல்போன் சார்ஜர்கள் தலையணைக்கு அடியில் போய்விடும். கூரைமேல் ஏறிப் பேனல்களை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்ப்பார். "சோப்பு வாசனை. இதுமேல யாரு துணி காயப் போட்டது?" என்று மேலிருந்தே கத்துவார். கீழே ஒரு குடும்பம் தலைகுனிந்து நிற்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் அலமாரிக்குப் பின்னால் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் அது உலக உருண்டை என்று சாதித்தார். மீட்டரம்மா போர்வையை விலக்கவில்லை, வெறுமனே உள்ளங்கையை மேலே வைத்தார். "உலகம் சுடுதே சார்" என்றார். தொலைக்காட்சிப் பெட்டி வெளியே வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, மூளைக்காரர். போன வருடம் தலைமையகத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். வளரும் நாடுகளுக்குச் சூரிய மின்சாரம் நடைமுறைக்கு உகந்ததா என்பதைப் பற்றிச் சுவரில் படம் காட்டிப் பேசினார். உகந்தது, உகந்தது, மிகவும் உகந்தது என்று நாற்பது படங்கள். ஒவ்வொரு படத்திலும் பேனலுக்குப் பக்கத்தில் யாராவது பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கேள்வி உண்டா என்று கேட்டபோது மீட்டரம்மா எழுந்தார். "இதெல்லாம் மொத வருஷத்து போட்டோ சார். மூணாவது வருஷத்து போட்டோ ஒண்ணு காட்டுங்க" என்றார். ஆலோசகர் கணினியில் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். "சரி, அது வேணாம். மூணாவது வருஷம் பேட்டரிக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க? அத மட்டும் சொல்லுங்க." ஆலோசகர் தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டார்.

விஷயம் அதுதான். இந்தப் பேட்டரிகளில் இருக்கும் நீர் நாளாக ஆக ஆவியாகிக் குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே ஊற்ற வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர் ஆகாது, கடையில் விற்கும் பாட்டில் தண்ணீர்கூட ஆகாது. காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். உப்போ இரும்போ ஒரு துளி சேர்ந்தாலும் பேட்டரி உள்ளேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலுவலகமே ஓர் இடத்துக்கு ஒரு கேன் என்று அனுப்பிவைக்கும். ஒரு கேன், அவ்வளவுதான். "கூடக் கொடுத்தா கார்க்காரனுக்குத் தானம் பண்ணிடுவாங்க" என்று அளவைக் குறைத்தது இவர்தான்.

பழுதடைந்த பேட்டரிகளைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'பழுதின் காரணம்' என்று ஒரு கட்டம். மூன்று வருடங்களாக அந்தக் கட்டத்தில் நான் தட்டச்சு செய்வது ஒரே வரி: 'பயனாளிகளின் அலட்சியம்.' விரல் தானாகவே அடித்துவிடும். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. நாற்பத்து மூன்று ஊரிலும் அலட்சியக்காரர்கள்தானா வாழ்கிறார்கள்? இந்த அம்மாவுக்கும் யாரோ ஒரு டீசல் வியாபாரிக்கும் ஏதாவது உள்தொடர்பு உண்டா? ஏனென்றால் இவர் அப்படி எழுதிய நான்கு ஊர்களில் பொறியாளர் பேனல்களைக் கழற்றிவிட்டு டீசல் ஜெனரேட்டரை இறக்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எழுத்தர் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுகாதார நிலையம். பேருந்து கிடையாது. மோட்டார் படகில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரே ஒரு நர்ஸ். பிரசவம் பார்ப்பது, ஊசி போடுவது, கட்டுப் போடுவது, கூரையைப் பெருக்குவது எல்லாம் அவர்தான். எட்டுப் பேட்டரிகள் வைத்து இரண்டரை வருடம் ஆகிறது. ஐந்து வருடம் உழைக்க வேண்டியவை, மாலை விளக்கேற்றி ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகின்றன. தடுப்பூசி மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது. பொறியாளர் கோப்பில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்: 'இவ்வூருக்குச் சூரிய மின்சாரம் நடைமுறைக்கு ஒத்துவராது. டீசல் ஜெனரேட்டர் பரிந்துரைக்கப்படுகிறது.' கீழே மீட்டரம்மாவின் படிவம் ஒன்றுதான் பாக்கி. அது வந்தால் பேனல்கள் படகேறிவிடும். காற்றடிக்கிற மூன்று மாதம் அந்த ஏரியில் படகு ஓடாது. படகு ஓடாதபோது டீசல் எப்படிப் போகும், டீசல் போகாதபோது அந்த மருந்துகள் என்ன ஆகும் என்று கோப்பில் யாரும் கேட்கவில்லை.

படிவத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று புது விதி. அதனால் என்னையும் அனுப்பினார்கள். "நீங்க எதுக்கு சார் வர்றீங்க? என் மேல சந்தேகமா?" என்றுதான் படகில் ஏறும்போதே கேட்டார். "விதி அம்மா" என்றேன். "விதிய யாரு போட்டது?" என்றார். கரை போய்ச் சேரும்வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தார்.

நர்ஸுக்கு முப்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். மீட்டரம்மா வணக்கம்கூடச் சொல்லாமல் ஏணியில் ஏறினார். பேனல்கள் பன்னிரண்டும் கண்ணாடியாகத் துடைக்கப்பட்டிருந்தன. விரலில் தூசி ஒட்டவில்லை, சோப்பு வாசனையும் இல்லை. மின்சாரம் முழு அளவில் கீழே இறங்குவதைக் கருவி வைத்துப் பார்த்தார். குறையே இல்லை என்றால் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். "நாம வர்றது தெரிஞ்சு துடைச்சிருக்காங்க" என்றார் என்னிடம்.

"சிஸ்டர், உண்மையச் சொல்லிடுங்க. பேட்டரிக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"நீங்க அனுப்பினதுதான் மேடம்."

"கேனெல்லாம் எங்க?"

நர்ஸ் ஓர் அலமாரியைத் திறந்தார். பத்துக் காலிக் கேன்கள், மேலே தேதி எழுதி, வரிசையாக. "ஒண்ணு கூடத் தூக்கிப் போடல மேடம். நீங்க கேப்பீங்கன்னு வெச்சிருக்கேன்." எனக்குப் பாவமாக இருந்தது. மீட்டரம்மா ஒவ்வொரு தேதியையும் படித்தார்.

பேட்டரி அறை மிகச் சின்னது. சுவரை ஒட்டி ஏழு, இடமில்லாமல் மூலையில் தனியாக ஒன்று. மீட்டரம்மா கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து, முதல் பேட்டரியின் மூடியைத் திறந்து, உள்ளிருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சினார். குழாய்க்குள் ஒரு மிதவை. அது பச்சைக் கோட்டில் நின்றால் பேட்டரி நலம், சிவப்பில் இறங்கினால் பேட்டரி காலி. முதலாவது சிவப்பு. இரண்டாவது சிவப்பு. ஏழும் சிவப்பு. உதட்டைப் பிதுக்கியபடி மூலைக்குப் போனார். எட்டாவது பேட்டரியில் மிதவை பச்சையில் போய் நின்றது.

திரும்பி நர்ஸை ஏற இறங்கப் பார்த்தார். "இது நாங்க வெச்ச பேட்டரி இல்ல. எங்கேர்ந்து கொண்டு வந்து மாத்துனீங்க?" என்றார். எட்டின் வரிசை எண்களையும் என்னைப் படிக்கச் சொல்லிப் பழைய தாளோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எட்டும் ஒரே நாளில் வந்த, ஒரே பெட்டியில் வந்த பேட்டரிகள். அப்போதுதான் நர்ஸ் அழ ஆரம்பித்தார்.

"கேன் ஏழு பேட்டரிக்குத்தான் வரும் மேடம். ஒவ்வொரு தடவையும் மூலையில இருக்கறதுக்குப் பத்தாது. கூட அனுப்பச் சொல்லி ரெண்டு லெட்டர் போட்டேன், பதில் இல்ல. காய விட்டா கெட்டுடும்னு நீங்கதான சொன்னீங்க? அதனால..."

"அதனால?"

"ஊசி மருந்து கலக்கறதுக்குத் தண்ணி பாட்டில் வரும்ல மேடம். அத ஊத்தினேன்."

மீட்டரம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். குற்றம் கிடைத்துவிட்டது. மருந்து இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பத்துத் தடவை, தடவைக்கு இரண்டு பாட்டில் வீதம், 'உடைந்தது' என்று எழுதியிருந்தது. "இருபது பாட்டில் ஒடஞ்சிருக்கு. ஏன் சிஸ்டர், இங்க மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூகம்பம் வருதா?" நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. "போதும்மா, விடுங்க" என்றேன். "எதை சார் விடறது? அரசாங்க மருந்து!" என்று படிவத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, எழுத ஆரம்பித்தார். 'பயனாளிகளின்' என்ற வார்த்தைவரை பேனா ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

"அப்புறம் இது மட்டும் ஏன் பச்சையில நிக்குது?" என்றார். எங்களிடம் கேட்கவில்லை.

நர்ஸை அனுப்பி அந்தத் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். மூடியைத் திறந்து மீட்டரை விட்டார். ஒன்று என்று காட்டியது. ஒன்று என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்; சுத்தத்திலும் சுத்தம். மீட்டரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று நாங்கள் கொண்டுபோயிருந்த புதுக் கேன் கதவோரத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது.

"அம்மா, அந்தக் கேன்?" என்றேன்.

"அது தம்பி கடைத் தண்ணி சார்" என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற தொனி.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஊரார் டம்ளரிலெல்லாம் மீட்டரை முக்கும் இந்த அம்மா, அலுவலகம் அனுப்பும் கேனில் முக்கி நான் பார்த்ததே இல்லை. அவருடைய தம்பி நகரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடங்களாக அவர்தான் எங்களுக்குக் காய்ச்சி வடித்த நீர் தருகிறார். நான் கேனையே பார்த்தேன். நர்ஸும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைசியில் மீட்டரம்மா எழுந்துபோய்க் கேனின் மூடியைத் திருகினார்.

நூற்றெண்பத்து நான்கு.

மீட்டரைத் துடைத்து மறுபடி விட்டார். நூற்றெண்பத்து நான்கு. மீட்டரைச் சந்தேகப்பட்டு அதன் குட்டி பேட்டரியைக் கழற்றி வேறு போட்டார். நர்ஸிடம் ஒரு டம்ளர் ஏரித் தண்ணீர் கேட்டார். அது இருநூற்றுப் பத்து. கேன் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் கிட்டத்தட்டச் சொந்தக்காரர்கள். "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல அவருக்கு அத்தனை நேரம் ஆனது.

அந்த ஊரில் செல்போனுக்குக் கூரைமேல்தான் சிக்னல் கிடைக்கும். ஏணியில் பாதி ஏறியவர் திரும்பி, "சார், நீங்களும் வாங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "சாட்சிதானே நீங்க?" என்றார். உச்சி வெயில். பேனல்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியையும் போட்டார்.

"என்னக்கா, இந்த வெயில்ல எங்க சுத்தறே?" தம்பியின் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு கேக்கணும்டா. கேன் தண்ணி எங்க புடிக்கறே?"

"இதென்ன கேள்வி? நம்ம மெஷின்லதான்."

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது. அப்பப்ப."

"அப்பப்பன்னா?"

"ஹீட்டர் போயிடுச்சுக்கா. அதனால ஒண்ணும் மோசமில்ல. மாடியில கண்ணாடிக் கடைல ரெண்டு ஏசி ஓடுதுல்ல? அதுலேர்ந்து சொட்டறதப் புடிச்சு வெக்கறேன். அதுவும் ஆவி குளிர்ந்து வர்ற தண்ணிதானே? மெஷின் செய்யறத ஏசி செய்யுது. பேட்டரிக்காரன் பாதிப் பேரு அதத்தான் ஊத்தறான்."

"எதுல புடிக்கறே?"

"டிரம்லதான்."

"பிளாஸ்டிக்கா, இரும்பா?"

"பெயின்ட் அடிச்சிருக்கேன்கா."

"இரும்பு. சரி, குளிர் மாசத்துல கடைக்காரன் ஏசி போடுவானா?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"கொஞ்சமாத்தான்கா குழாய்த் தண்ணி சேப்பேன். கண்ணுக்குப் பளிச்சுன்னுதான் இருக்கும்."

"எப்போலேர்ந்து?"

"மொத லோடு உனக்குக் காட்டினேனே, சைபர்னு காமிச்சுதே, நீகூடத் தட்டிக் கொடுத்தியே. அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசத்துல மெஷின் போயிடுச்சு." பிறகு குரல் மாறியது. "அக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? காத்துச் சத்தம் கேக்குது."

"ஆமா. எங்க கிளார்க் சார் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"என்னக்கா இது! என் மேலயே சந்தேகமா?"

"உன் மேல மட்டும்தான்டா இத்தனை நாளா சந்தேகமே படல" என்றார்.

தம்பி கெஞ்சினார். கடை போய்விடும் என்றார், இரண்டு பெண் குழந்தைகள் என்றார், நாளைக்கே புது மெஷின் வாங்கிவிடுவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் மீட்டரம்மா கேட்டுக்கொண்டார். கடைசியில், "எப்பவும் எழுதற மாதிரி ஜனங்க மேல எழுதிடேன்கா. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் தம்பி. மீட்டரம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பேனலின் சட்டத்தில் கையூன்றினார். கொதிக்கிற சட்டம். கையை எடுக்கவில்லை.

"அம்மா போறப்ப அவனுக்கு நாலு வயசு சார். பல்லு வெளக்கக் கத்துக் கொடுத்ததே நான்தான்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேலும் என் மேலும். "நாலு ஊர்ல கழட்டியாச்சே அம்மா" என்றேன். "அந்த ஊருக்கெல்லாம் இந்தத் தண்ணிதானே போச்சு?"

"தெரியும் சார். மேல ஏறும்போதே அதத்தான் எண்ணிக்கிட்டு வந்தேன். பாறைமேட்டு ஹெட்மாஸ்டர் என்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு. 'நாங்க வேற தண்ணியே ஊத்தலம்மா'ன்னு சத்தியம் பண்ணினாரு. டிவிய ஒளிச்சு வெச்ச ஆளுதானேன்னு நான் நம்பல."

இனி என்ன எழுதுவார் என்று எனக்குப் பலமான சந்தேகம். ஏணியில் இறங்கும்போதே மனம் மாறலாம். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, எங்கள் அலுவலகத்தில் பல பேரைக் காப்பாற்றிய வார்த்தை. கீழே வந்து அவர் படிவத்தை எடுத்தபோது நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'பயனாளிகளின்' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுதினார்: 'அலுவலகம் அனுப்பிய நீர் தரமற்றது. கொடுத்தவர் என் தம்பி. மூன்று வருடங்களாகச் சோதிக்காதது நான். இதே நீர் மற்ற ஊர்களுக்கும் போயிருக்கிறது. எட்டாவது பேட்டரியைப் பார்க்கவும். பேனல்களைக் கழற்ற வேண்டாம். ஏழு பேட்டரிகள் மாற்றினால் போதும்.' கட்டம் பற்றாமல் ஓரத்திலும் எழுதினார்.

நர்ஸ் தயங்கித் தயங்கி, "மேடம், அந்த இருபது பாட்டில்..." என்றார்.

"அதையும்தான் எழுதுவேன்" என்றார் மீட்டரம்மா, பழைய குரலில். "ஒடஞ்சதுன்னு எழுதினது தப்பு. எல்லாத்தையும் அடிச்சிட்டு, பேட்டரிக்கு ஊத்தினேன்னு எழுதி வைங்க. விசாரணைக்கு யாராவது வந்தா, இந்த மேடம்தான் தண்ணி பத்தாம அனுப்பிச்சாங்கன்னு சொல்லுங்க. பயப்படாமச் சொல்லணும்." நர்ஸ் தலையாட்டினார். அவர் முழுக்க நம்பிய மாதிரித் தெரியவில்லை. நம்பும்படி இதுவரை யார் நடந்துகொண்டோம்?

கேனை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அது ஒன்றுதான் சான்று. மீட்டரம்மா அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். மூடியின் மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார், என்னைத்தான். பிளாஸ்திரியின் மேல் என் கையெழுத்து, நர்ஸின் கையெழுத்து, தேதி, மணி. ஒட்டியதை ஓரத்தில் நகத்தால் கிளப்பிப் பார்த்து, "இங்க தூக்கிக்கிட்டு இருக்கு, இன்னொண்ணு ஒட்டுங்க" என்றார். ஒட்டினேன். படகுத்துறைவரை கேனைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், அவர் பத்தடி பின்னால் வந்தார். என்னதான் கனம் என்று நினைக்கிறீர்கள் ஐந்து லிட்டர் தண்ணீர்! பாதி வழியில் கை மாற்றிக்கொண்டேன். உதவிக்கு வரவில்லை.

படகில் எங்களையும் படகுக்காரரையும் தவிர வேறு யாரும் இல்லை. கேனை என் காலடியில் வைத்துக்கொண்டேன். இடம் குறுகல் என்பதால் மீட்டரம்மா என் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. கரை விலகியதும் அவருடைய போன் அடித்தது. தம்பி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஏரிக்கு நடுவில் சிக்னல் போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. கண்களில் நீர் வழிந்ததை எதிர்க்காற்று என்று சொல்லித் துடைத்தார். நான் கேனையே பார்த்துக்கொண்டு வந்தேன். காலால் ஒரு தள்ளு போதும், தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். அலை என்று சொல்லிவிடலாம். அவர் அப்படிச் செய்வார் என்று நினைத்தேனா? நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

பிற்பகல் வெயில். மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. காலையில் சீக்கிரம் எழுந்தது வேறு. எவ்வளவு விழித்துப் பார்த்தும் இமை தானாக விழுந்தது. தலை எப்போது சாய்ந்தது என்று தெரியாது. தோளில் நல்ல இடியாக ஓர் இடி விழுந்தது.

"தூங்காதீங்க சார்" என்றார் மீட்டரம்மா. "பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்."

நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் படகுக்காரரிடம் ஒரு முழம் கயிறு கேட்டு வாங்கினார். கேனின் கைப்பிடியை என் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார். இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு முடிச்சும் போட்டார்.